புது லாரி எடுக்கும்போது எந்த எலக்ட்ரானிக்ஸுக்குப் பணம் கொடுக்கலாம்?

புது டாரஸ் லாரியோ ட்ரெய்லரோ எடுக்கப் போகிறவர் ஷோரூமில் உட்கார்ந்தால், இப்போதெல்லாம் பேச்சு இன்ஜின், ஆக்சில், மைலேஜோடு முடிவதில்லை. பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் ஏபிஎஸ், கனரக வண்டிகளுக்கு 2015-லேயே கட்டாயமாகிவிட்டதால் அதைப் பற்றி யாரும் கேட்பதுகூட இல்லை. அதற்கு மேல் ஒரு நீளமான பட்டியல் வருகிறது. வண்டி சறுக்காமலும் கவிழாமலும் பார்த்துக்கொள்ளும் இஎஸ்சி, முன்னால் மோதப் போனால் தானே பிரேக் பிடிக்கும் ரேடார், லேன் தாண்டினால் சத்தம் போடும் கேமரா, டிரைவரின் கண்ணைப் பார்க்கும் இன்னொரு கேமரா, இடது பக்கம் பைக் நின்றால் சொல்லும் சென்சார், டயர் காற்று மானி, இறக்கத்தில் பிரேக் டிரம்மைத் தொடாமலே வேகத்தைக் குறைக்கும் ரிடார்டர். சில மாடல்களில் இவற்றைக் கட்டாகக் கட்டி விற்கிறார்கள். சிலவற்றில் கேட்டால் தனியாகவும் கிடைக்கும்.

மாதத் தவணையே கழுத்தைப் பிடிக்கும்போது இதில் எதற்குப் பணம் போடுவது? எல்லாமே வேண்டும் என்பார் விற்பவர். நல்ல டிரைவர் இருந்தால் எதுவுமே வேண்டாம் என்பார் முப்பது வருடமாக வண்டி வைத்திருப்பவர். நான் இரண்டு கேள்விகளை வைத்துப் பிரித்துப் பார்க்கிறேன். அந்தக் கருவி தானே ஏதாவது செய்கிறதா, இல்லை டிரைவரிடம் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறதா என்பது முதல் கேள்வி. அதைப் பிற்பாடு வெளியில் மாட்டிக்கொள்ள முடியுமா, இல்லை சேசிஸோடு வந்தால்தான் உண்டா என்பது இரண்டாவது. தானே செயல்படுவது, பிற்பாடு மாட்ட முடியாதது என்ற இரண்டும் சேர்ந்திருந்தால் வாங்கும் நாளிலேயே பணம் கொடுத்துவிட வேண்டும். இந்த அளவுகோலில் முதலில் வருவது இஎஸ்சி.

ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எவ்வளவு திரும்புகிறது, பக்கவாட்டில் எவ்வளவு விசை தள்ளுகிறது என்ற மூன்றையும் இஎஸ்சி ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும். டிரைவர் கேட்டதும் வண்டி செய்வதும் ஒத்துப்போகவில்லை என்றால், தேவையான சக்கரத்தில் மட்டும் பிரேக் போட்டு, இன்ஜின் இழுவையையும் குறைக்கும். காரில் இதன் வேலை பெரும்பாலும் சறுக்கலைத் தடுப்பது. லாரியில் அதைவிட முக்கியமான வேலை ஒன்று உண்டு. பக்கவாட்டு விசை கவிழும் அளவை நெருங்கினாலே, டயர் கொஞ்சமும் சறுக்காவிட்டாலும், வேகத்தை வெட்டிவிடும்.

இது ஏன் முக்கியம் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். சாதாரண கார் காய்ந்த ரோட்டில் கவிழ்வதற்கு முன் சறுக்கிவிடும். உயரமாக லோடு ஏற்றிய லாரியும் டேங்கரும் டயர் பிடிமானம் போவதற்கு முன்பே கவிழ்ந்துவிடும். புவியீர்ப்பு விசையில் 0.3 முதல் 0.4 பங்கு பக்கவாட்டில் தள்ளினால் அவற்றுக்குப் போதும். 60 மீட்டர் ஆரமுள்ள வளைவை 40 கி.மீ. வேகத்தில் எடுத்தால் அந்தப் பங்கு 0.21. 50 கி.மீ.யில் 0.33. 55 கி.மீ.யில் 0.40. பத்து பதினைந்து கிலோமீட்டர் கூடியதில் பத்திரமான வளைவு கவிழும் வளைவாகிவிட்டது. ட்ரெய்லரில் இன்னும் மோசம். பின்னால் ட்ரெய்லரின் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்போதும் கேபினில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. தெரியும்போது நேரம் கடந்திருக்கும். டேங்கர் பாதி காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் திரவம் ஒரு பக்கமாக ஒதுங்கி, கவிழும் அளவை மேலும் குறைத்துவிடும்.

அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2015-ல் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிகளுக்கு இஎஸ்சியைக் கட்டாயமாக்கியது. எதிலும் மோதாமல் வேகத்தாலேயே கவிழும் விபத்துகளில் 40 முதல் 56 சதவீதத்தை இது தடுக்கும் என்று அப்போது கணித்தது. ஒரு வண்டிக்குக் கூடுதலாக ஆகும் செலவு என்று அவர்கள் போட்ட தொகை 600 டாலருக்கும் குறைவு. ஏபிஎஸ்ஸின் சக்கர சென்சார்களும் வால்வுகளும் ஏற்கனவே வண்டியில் இருப்பதால்தான் இவ்வளவு குறைவு.

“எதிலும் மோதாமல்” என்பதைக் கவனிக்க வேண்டும். 2012 ஆகஸ்ட் 27 அன்று கண்ணூர் அருகே சாலாவில் எரிவாயு டேங்கர் டிவைடரில் மோதிக் கவிழ்ந்து தீப்பிடித்ததில் 20 பேர் இறந்தார்கள். டிவைடரில் ஏறிய வண்டியை இஎஸ்சி நிமிர்த்தாது. 2025 ஜனவரி 3 அன்று கோவை அவிநாசி சாலை மேம்பாலத்தில் 18 டன் எரிவாயுவோடு டேங்கர் கவிழ்ந்தது. டேங்கரை வண்டியோடு பிணைக்கும் பாகம் கழன்றதுதான் காரணம் என்று செய்திகள் வந்தன. அங்கே எந்த எலக்ட்ரானிக்ஸும் உதவியிருக்காது. ஒர்க்‌ஷாப்பில் நடக்க வேண்டிய சோதனைதான் உதவியிருக்கும். இஎஸ்சியின் எல்லை அவ்வளவுதான் என்று தெரிந்தே சொல்கிறேன்: நாமக்கல்லில் எரிவாயு ஏற்றும் புல்லட் டேங்கர் ஓட்டுகிறவர், கொல்லிமலை அடிவாரத்திலும் பாலக்காட்டு வழியிலும் முட்டை லோடு அடிக்கிறவர், திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருப்பவர் மூவரும் மற்றதை எல்லாம் விட்டாலும் இதை விடக்கூடாது. மூன்றிலும் எடை மேலே இருக்கிறது.

அடுத்து இறக்கம். பெங்களூரு – சேலம் சாலையில் தொப்பூர் கணவாயைத் தெரியாத லாரிக்காரர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. அங்கே தருமபுரி பக்கத்திலிருந்து இறங்கும் வண்டிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகிறவற்றின் மேல் ஏறியது ஒரு தடவை இரண்டு தடவை நடந்ததல்ல. இந்த இடத்தில் ஏபிஎஸ், இஎஸ்சி, ரேடார் பிரேக் எல்லாமே கடைசியில் சக்கரத்தோடு சுற்றும் அதே டிரம்மையும் அதை உரசிப் பிடிக்கும் அதே லைனிங்கையும்தான் நம்பியிருக்கின்றன. 35 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய சக்தி சுமார் 34 மெகாஜூல். நூறு லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு அது. முழுவதையும் டிரம்மிலேயே இறக்கினால் லைனிங் காய்ந்து பிடியை விட்டுவிடும். கம்ப்யூட்டர் எவ்வளவு சரியாகக் கட்டளை போட்டாலும் அப்போது கேட்க ஆளில்லை.

அதனால் மலைச்சாலையில் ஓடும் வண்டிக்கு ரிடார்டரையும் நல்ல இன்ஜின் பிரேக்கையும் இஎஸ்சிக்குச் சமமாக வைக்கிறேன். புகை போகும் வழியை அடைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் பெரும்பாலான வண்டிகளில் வந்துவிடுகிறது. லேசான லோடுக்கு அது போதும். முழு லோடோடு திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க அது மட்டும் போதாது. ரிடார்டர் விலை லட்சங்களில் போகும், எடையும் கூடும், அந்த எடை அளவுக்கு லோடு குறையும். சமவெளியிலேயே ஓடும் வண்டிக்கு அது தண்டச் செலவு. வாரம் இரண்டு தடவை கணவாய் இறங்குகிறவருக்கு லைனிங், டிரம், டயர் செலவிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும்.

இதை ஒட்டி ஒன்று. டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரல் போடும் பழக்கம் இன்னும் சாகவில்லை. இப்போதைய காமன் ரெயில் இன்ஜினில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டால் டீசல் பீய்ச்சுவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் ஐடிலிங்குக்கு டீசல் எரியும். மிச்சம் என்று நினைத்து, டீசலையும் எரித்து, எக்ஸாஸ்ட் பிரேக்கையும் இழந்து இறங்குகிறார்கள். இதைச் சரிசெய்ய எந்த ஆப்ஷனும் வாங்க வேண்டியதில்லை.

தானே பிரேக் பிடிக்கும் ரேடாருக்கு வருவோம். விளம்பரங்களில் அதிகம் காட்டுவது இதைத்தான், காரணமும் இருக்கிறது. நம் நான்குவழிச் சாலைகளில் ராத்திரியில் கொல்வது பெரும்பாலும் ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் இன்னொரு லாரி. 80 கி.மீ. வேகத்தில் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. டிரைவர் பார்த்து, காலை மாற்ற ஒன்றரை விநாடி என்றால் 33 மீட்டர். அப்புறம் நல்ல பிரேக்கோடு நிற்க ஏறக்குறைய 50 மீட்டர். மொத்தம் 80-க்கு மேல். டிம் லைட்டில் தெரிவது அதைவிடக் குறைவு. ஆக, கண்ணை விழித்துக்கொண்டே ஓட்டினாலும் கணக்கு உதைக்கிறது. ரேடாருக்கு வெளிச்சம் தேவையில்லை, நூறு மீட்டருக்கு அப்பாலேயே பார்த்துவிடும்.

ஆனால் நின்றுகொண்டிருக்கும் பொருள்தான் ரேடாருக்கு நீண்ட காலம் கஷ்டமான பாடமாக இருந்தது. ரோட்டோர போர்டு, பாலத் தூண், நிற்கும் லாரி மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பா 2015 நவம்பரில் எல்லாப் புது லாரிகளுக்கும் இதைக் கட்டாயமாக்கியபோதுகூட, 80 கி.மீ.யில் வரும் வண்டி நிற்கும் வண்டியைக் கண்டால் முழுவதும் நின்றுவிட வேண்டும் என்று விதி கேட்கவில்லை. கொஞ்சம் வேகம் குறைத்தால் போதும் என்றது. பிந்தைய கட்டத்தில் 20 கி.மீ. குறைய வேண்டும் என்றார்கள். கேட்க அற்பமாகத் தோன்றும். ஆனால் 80, 60 ஆகும்போது மோதும் சக்தியில் 44 சதவீதம் போய்விடுகிறது. கேபினில் இருப்பவர் பிழைப்பாரா என்பது பல நேரம் அதில்தான் இருக்கிறது. பிற்காலத்து விதிகள் இதைவிட அதிகம் கேட்கின்றன. எனவே “ரேடார் பிரேக் இருக்கிறது” என்ற பதிலோடு விடாதீர்கள். நிற்கும் வண்டிக்கு எந்த வேகத்திலிருந்து முழுதாக நிறுத்தும் என்று டீலரிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

என் அளவுகோலுக்கு எதிரான தகவல் ஒன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு மையமான ஐஐஎச்எஸ் 2020-ல் பெரிய லாரிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. முன்னால் போகும் வண்டியின் பின்பக்கம் மோதும் விபத்துகள், வெறும் எச்சரிக்கை மட்டும் தரும் வண்டிகளில் 44 சதவீதமும், தானே பிரேக் பிடிக்கும் வண்டிகளில் 41 சதவீதமும் குறைந்திருந்தன. அப்படியானால் பீப் சத்தமே போதாதா? அங்கே போதும் என்று நம்புகிறேன். லேன் ஒழுங்கு இருக்கும் ரோட்டில் அந்தச் சத்தம் எப்போதாவதுதான் வரும், வந்தால் டிரைவர் மதிப்பார். நம் ஊரில் பைபாஸை விட்டு ஊருக்குள் நுழைந்ததும் ஆட்டோ ஒன்று, ஸ்கூட்டர் ஒன்று, மாடு ஒன்று என்று நிமிடத்துக்கு நாலு தடவை கத்தும் கருவியை ஒரு வாரத்தில் காது ஒதுக்கிவிடும். அடுத்த வாரம் ஸ்பீக்கர் ஒயரை யாராவது கழற்றிவிடுவார்கள். அதனால்தான் இங்கே தானே செயல்படுவதற்கு மதிப்பு கூட என்கிறேன். ரேடார் பிரேக்கிலும் தேவையில்லாமல் பிடிக்கும் தொல்லை உண்டுதான். டிரைவர் ஆக்சிலரேட்டரை அழுத்தினாலோ ஸ்டீயரிங்கைத் திருப்பினாலோ அது விலகிக்கொள்ளும். இதை முதல் நாளே ஓட்டிக் காட்டிச் சொல்லித்தராவிட்டால், முதல் தடவை பிடிக்கும்போது டிரைவர் மிரண்டுபோய் ஸ்விட்சை அணைத்துவிடுவார்.

ரேடார் இருப்பது பம்பர் நடுவில், கேமரா இருப்பது முன்கண்ணாடி மேல். நம் ஆட்கள் அலங்காரம் செய்வதும் சரியாக அதே இரண்டு இடத்தில். கண்ணாடியில் சாமி ஸ்டிக்கர், பம்பரில் கூடுதல் இரும்புக் கம்பி, ஆயுத பூஜைக்கு வாழைக்கன்றும் சந்தனப் பூச்சும். கம்பியைத் தடைசெய்யச் சொல்லி 2017-லேயே மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது. வாழைக்கன்றைப் பக்கவாட்டில் கட்டிக்கொள்ளலாம், சாமி கோபித்துக்கொள்ளாது.

தூக்கம் பார்க்கும் கேமராவைப் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. கண் இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது, தலை சாய்கிறதா என்று பார்த்துச் சத்தம் போடும். அதிகாலை மூன்று மணிக்கு அந்தச் சத்தம் ஒரு உயிரைக் காப்பாற்றலாம், மறுக்கவில்லை. ஆனால் சத்தம் வந்த பிறகு அந்த டிரைவர் என்ன செய்வார்? காலை ஏழு மணிக்குள் டெலிவரி என்று நீங்களே போனில் சொல்லியிருந்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடி ஓட்டுவார். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று சொல்லிவிட்டது. முன்பு டெல்லி, குஜராத் லோடுக்கு இரண்டு டிரைவர் போவார்கள். இப்போது ஆள் கிடைக்காமலும் செலவு தாங்காமலும் ஒருவரே போவது சாதாரணமாகிவிட்டது. கேமராவுக்கு ஆகும் பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, தூர லோடுக்கு இரண்டாவது டிரைவரின் பேட்டாவுக்கு வைத்தால் அதிகம் பலன் கிடைக்கும் என்பது என் கருத்து. ஐந்தாறு வண்டிக்கு மேல் இருக்கிறது, தூங்கிவழிந்த ரிப்போர்ட் வந்தால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் மனசு ஆபீஸில் இருக்கிறது என்றால் கேமரா வாங்கலாம். அந்த ரிப்போர்ட்டை வைத்து சம்பளத்தில் பிடித்தீர்களோ, மறுநாளே கேமரா மேல் துண்டு தொங்கும்.

லேன் எச்சரிக்கை கடைசி. கோடு தெளிவாக இருக்கும் எக்ஸ்பிரஸ்வேயில் சரி. கோடு அழிந்த மாநிலச் சாலையில் கேமரா பார்ப்பதற்கே ஒன்றுமில்லை. இடது பக்க பிளைண்ட் ஸ்பாட் சென்சார் வேறு கதை: எண்ணூர், மணலி, திருவொற்றியூர் பக்கம் கன்டெய்னர் ஓட்டுகிறவருக்கு அது முதல் மூன்றில் வரவேண்டும். சிக்னலில் இடது ஓரம் நுழைந்து நிற்கும் பைக்கை உயரமான கேபினிலிருந்து பார்க்கவே முடியாது. இது வெளியிலும் மாட்டிக்கொள்ளக் கிடைக்கிறது, அதனால் வாங்கும் நாளிலேயே எடுக்க அவசரமில்லை. டயர் காற்று மானியும் அப்படியே. காற்று குறைந்து சூடேறி வெடிக்கும் டயர் ஒன்றைக் காப்பாற்றினாலே தன் விலையில் பெரும்பங்கை அது எடுத்துவிடும்.

இன்சூரன்ஸில் குறையுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மூன்றாம் நபர் பிரீமியத்தை அரசே வண்டியின் மொத்த எடையைப் பார்த்து நிர்ணயிக்கிறது. 2022 அறிவிக்கைப்படி 40 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வண்டிக்கு 44,242 ரூபாய். ரேடார் இருந்தாலும் அதே, இல்லாவிட்டாலும் அதே. விபத்தில்லாமல் ஓடினால் சொந்தச் சேதப் பிரிவில் நோ கிளெய்ம் போனஸ் கிடைக்கும், அவ்வளவுதான் லாபம். உண்மையான கணக்கு வேறிடத்தில். ஒரு தடவை வண்டி கவிழ்ந்தால் ஒர்க்‌ஷாப்பிலும் கோர்ட்டிலும் மாதக்கணக்கில் நிற்கும்; தவணை மட்டும் நிற்காது.

“இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் அரசே கட்டாயமாக்கிவிடும், அப்போது எடுக்கலாம்” என்றும் சிலர் சொல்கிறார்கள். மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2025-ல் லாரிகளுக்கும் பஸ்களுக்கும் தானியங்கி அவசர பிரேக், தூக்க எச்சரிக்கை, லேன் எச்சரிக்கை ஆகியவற்றைக் கட்டாயமாக்க வரைவு அறிவிக்கை வெளியிட்டது உண்மைதான். கட்டாயமானால் எல்லா வண்டியிலும் வரும், விலையும் எல்லாவற்றிலும் ஏறும். இப்போது வண்டி தேவைப்படுகிறவர் அதற்காக லோடை விட்டுவிட்டுக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. ஆனால் இது எதுவுமே இல்லாத மாடலை இன்று எடுத்தால், ஐந்து வருடம் கழித்து விற்கும்போது வாங்க வருகிறவர் அதைச் சொல்லியே விலையைக் குறைப்பார்.

பராமரிப்பைச் சேர்க்காமல் எந்த ஒப்பீடும் முழுமையில்லை. ஹப் கிரீஸ் வைக்கவோ லைனிங் மாற்றவோ டிரம்மைக் கழற்றும்போது, சக்கரம் சுற்றும் வேகத்தை அளக்கும் ஏபிஎஸ் சென்சார் கொஞ்சம் பின்னால் நகர்ந்துவிடும். அதைத் திரும்பப் பல்சக்கரத்தைத் தொடும்வரை தள்ளி வைக்க வேண்டும். ரோட்டோர ஒர்க்‌ஷாப்பில் இதைச் செய்யாமல் விட்டால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். “லைட் எரிஞ்சா என்னண்ணா, பிரேக் பிடிக்குதுல்ல” என்பார் மெக்கானிக். பிடிக்கும். ஆனால் இஎஸ்சியும் ரேடார் பிரேக்கும் அதே சென்சாரைத்தான் பார்க்கின்றன. ஒன்று போனால் மற்றவையும் வேலையை நிறுத்திவிடும். கூடுதலாகக் கொடுத்த பணம் மொத்தமும் ஒரு சின்ன சென்சார் இடைவெளியில் போய்விடுகிறது. பம்பரில் லேசாக இடிபட்டால் ரேடாரையும், ஸ்டீயரிங் வேலை செய்தால் அதன் சென்சாரையும் மறுபடி சீரமைக்க வேண்டும். அதற்கான லேப்டாப் கருவி உங்கள் ரூட்டில் எந்த ஊர்ச் சர்வீஸ் சென்டரில் இருக்கிறது என்பதைப் புக்கிங் போடும் முன் விசாரியுங்கள். ஹைதராபாத் வரை போகும் வண்டிக்கு நாமக்கல்லில் மட்டும் வசதி இருந்து பயனில்லை. பாடி கட்டும்போது உயரத்தைக் கூட்டுவது, ஸ்பிரிங் பட்டை சேர்ப்பது, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளியான வீல்பேஸை மாற்றுவது எல்லாம் இஎஸ்சியின் கணக்கையே குழப்பும். கம்பெனி அனுமதித்த அளவை விட்டுத் தாண்டவேண்டாம்.

ட்ரெய்லரை இழுக்கும் முன்பக்க வண்டியான டிராக்டரை எடுக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. புது டிராக்டரில் இஎஸ்சி போட்டு, பின்னால் பழைய ட்ரெய்லரை மாட்டினால், அந்த ட்ரெய்லரில் ஏபிஎஸ் இருக்கிறதா, இருந்தால் அதன் மின்கேபிள் உண்மையிலேயே சொருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நிறைய யார்டுகளில் காற்றுக் குழாயை மட்டும் மாட்டிவிட்டு இந்த கேபிளைச் சுருட்டிக் கட்டிவைத்திருப்பார்கள். அப்படி ஓடும் வண்டியில் அவசர பிரேக் விழுந்தால் முன்னால் இருப்பது நேராக நிற்கும், பின்னால் வருவது சக்கரம் பூட்டிப் பக்கவாட்டில் வீசும். ஏபிஎஸ் இல்லாத ட்ரெய்லர் என்றால் அதற்கு ஏபிஎஸ் போட்டுவிட்டு, அப்புறம் ரேடாரைப் பற்றி டீலரிடம் பேசலாம்.